பிக்கு பிடித்த நோன்பு

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று வீட்டோடு இருந்துவிட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன், அவர் சொல்லட்டும் என்று. புத்த மதத்தைப் பற்றியும் எங்கள் மார்க்கத்தைப் பற்றியும் எழுத ஓதியவர்களும் படித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு நாள் சாப்பாடு மட்டும்தான். அதுவும் யாரும் நேரத்துக்குச் சாப்பிடாமல் போன சாப்பாடு.

எழுபதுகளின் முதல் பாதி அது. எனக்கு ஒன்பது வயது. கேரள எல்லையில் வேலந்தாவளம் ஜங்ஷனில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், என் பெரியத்தாவுக்குக் கயிற்றுக் கடை இருந்தது. பெரியத்தா என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்து மணி, சாட்டைக்கோல், லாடம் என்று மாட்டுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் பெரிய முற்றம். முற்றத்துக்குப் பின்னால் வீடு. சந்தைக்கு முந்தின நாள் ராத்திரி அந்த முற்றத்தில் மாடுகள் கட்டிக் கிடக்கும். அத்தா சரக்கு விற்க ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்விடுவார். வீட்டில் சட்டம் எல்லாம் பெரியத்தாவும் பெரியம்மாவும்தான். என் அம்மா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

அந்த வருஷம் எனக்குத் தலை நோன்பு. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை முதன்முதலாக முழு நோன்பு பிடித்தால் அது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. புதுப் பாவாடை தைப்பார்கள். தலை நிறையப் பூ வைப்பார்கள். பொழுது சாய்ந்து பாங்கு சொன்னதும் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, பெரியவர்கள் பேரீச்சம்பழத்தை வாயில் ஊட்டிவிடுவார்கள். புதுநகரத்திலிருந்து மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். மாமா வெறும் கையோடு வருகிறவர் அல்ல. ஒரு வாரமாக நான் தரையில் நடக்கவில்லை என்று அம்மா சொல்வார்.

அப்படியிருக்கும்போதுதான் என் நாளுக்குப் பங்காளி வந்து சேர்ந்தார்.

ரோட்டுக்கு மேற்கே, ஏரிக்கரைக்கு அடியில் காலனி இருந்தது. அங்கிருந்து கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணன், சில வருஷமாக வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். காலனிக்காரர்கள் புத்த மதத்தில் சேர வேண்டும், அதில் மேலே கீழே கிடையாது என்பது அவர் பேச்சு. அதற்காகக் கோலார்த் தங்கவயலிலிருந்து ஒரு பிக்குவை வரவழைத்து, ஜங்ஷனில் மேடை போட்டுக் கூட்டம் நடத்தப்போகிறார் என்று தெரிந்ததும் ஊரே கலகலத்துவிட்டது. எங்கள் ஜங்ஷனில் கட்சிக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஓட்டுக் கேட்டு ஜீப்புகள் வந்திருக்கின்றன. ஒரு மதத்தைப் பற்றி, அதுவும் யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு மதத்தைப் பற்றி, மைக் வைத்துப் பேசப்போவது அதுதான் முதல் தடவை.

சந்தைத் திடலைக் கேட்டார்கள், திடல் கிடைக்கவில்லை. தலைமை தாங்க, படிப்பகத்துத் தலைவராக இருந்த மாஷைக் கேட்டார்கள். மாஷ் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியார். முற்போக்கானவர் என்று பெயர். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் சொன்னார்: வருகிறவர் பெரிய துறவி, அவரைக் காலனியில் தங்க வைத்தால் நன்றாக இருக்காது, மெயின் ரோட்டில் ஒரு நல்ல வீடாகப் பார்த்து வையுங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று. மாஷின் வீடும் மெயின் ரோட்டில்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு, மாடி வீடு.

கம்பெனி அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். பெரியத்தா கேட்டுவிட்டு முற்றத்தையும் கொடுத்தார், வீட்டையும் கொடுத்தார். புதுநகரத்து மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. ரமலான் மாதத்தில் இன்னொரு மதத்துக் கூட்டத்தை நம் வாசலில் நடத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். பெரியத்தா மணிகளைத் துணியால் துடைத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மச்சான், இந்த ஜங்ஷன்ல நம்மாளுக நாலே ஊடு. அவுங்களுக்கு ஒரு ஊடுகூட இல்லே. நாலு ஊட்டுக்காரனே கதவச் சாத்துனா வேற எவன் தொறப்பான்?"

பெரியத்தாவுக்கு அதில் பெருமையும் இருந்தது. ஊரில் அத்தனை வீடு இருக்க நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறார்களே என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமைதான்.

சாமி என்ன சாப்பிடுவார் என்று பெரியம்மா கேட்டனுப்பினார். மாமிசம் ஆகாது, ஒரு நேரம்தான் சாப்பாடு என்று கம்பெனி அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மைக், பெஞ்சு, ஸ்டேஷன் அனுமதி என்று ஆயிரம் வேலை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புத்த பிக்குகள் விடிந்த பிறகு சாப்பிடுவார்கள். உச்சிப் பொழுது தாண்டிவிட்டால் மறுநாள் விடிகிறவரை சோற்றைத் தொடமாட்டார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களே தவிர, பசிக்கிறது என்று கேட்கமாட்டார்கள். நாங்களோ நோன்பு மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவோம். விடிவதற்கு முன் நிறுத்திவிடுவோம். ஆக, ஒரு நாளில் அவரும் நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. இது இன்று எனக்குத் தெரியும். அன்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நேரம்தான் சாப்பிடுவார் என்று கேட்டதும் பெரியம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம்மைப் போலவே நோன்பாளி, பொழுது சாய்ந்து நம்மோடு திறப்பார் என்று முடிவு கட்டிவிட்டார். புதுப் பானை வாங்கி, கறி போடாத நோன்புக் கஞ்சி, உளுந்து வடை, தேங்காய்ப்பால் என்று தனியாகப் பட்டியல் போட்டார். அந்தப் புதுப் பானைகளை யாரும் தொடக் கூடாது என்று வேறு உத்தரவு.

அந்த நாளும் வந்தது. விடியும் முன் சாப்பிடுகிற சஹருக்கு எழுப்பும்போதே நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். பச்சைச் சீட்டிப் பாவாடை, கனகாம்பரம், கையில் மருதாணி. விடிந்ததிலிருந்து எச்சிலைக்கூட முழுங்காமல் முற்றத்து ஓரமாகப் போய்த் துப்பிக்கொண்டே இருந்தேன். எச்சில் முழுங்கினால் நோன்பு போய்விடும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். இந்தப் பிள்ளை நோன்பு பிடிக்கிறதா, வெற்றிலை போடுகிறதா என்று பெரியத்தா கேட்டார்.

பத்து மணி பஸ்ஸில் பிக்கு வந்து இறங்கினார். தப்பு முழங்க, ஐந்து நிறக் கொடி பிடித்துக் காலனிக்காரர்கள் அழைத்து வந்தார்கள். மாஷ் முன்னால் நடந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தர் என்றால் சைனாக்காரர் மாதிரி இருப்பார், அவருடைய ஆளும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே கறுப்பாக, ஒல்லியாக, நீளக் கையோடு இருந்தார். மழித்த தலை. காவி என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறத்தில் துணி. கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தது. தோளில் துணிப்பை, அதற்குள் கறுப்பாக ஒரு கிண்ணம்.

முற்றத்துப் பந்தலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். கிண்ணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பெனி அண்ணன், இனிச் சாப்பாட்டுக்கு இந்த வீட்டில் குறை இருக்காது என்று சொல்லிவிட்டு மைக் எடுக்கக் கொழிஞ்சாம்பாறைக்குச் சைக்கிளில் பறந்தார். மாஷ் சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். வந்த கூட்டமும் வேலைக்குக் கலைந்தது.

பெரியத்தா வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு எச்சரித்தார். நோன்பாளி முன்னால் பச்சைத் தண்ணீர்கூட யாரும் கொண்டுபோகக் கூடாது, அது அவருக்குச் சோதனை. அதனால் வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணீர் தராத மரியாதை எங்கள் வீட்டில் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் கயிற்றக்கா வந்தார். காலனியில் கத்தாழை நாரில் கயிறு திரித்து எங்கள் கடைக்குக் கொண்டுவந்து போடுகிறவர். வாரா வாரம் முற்றத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கயிற்றுக் கட்டை இறக்குவார். வேலிக் காலில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். தண்ணீர் கேட்டால் அம்மா செம்பிலிருந்து அதில் ஊற்றுவார். அன்று அவர் கயிறு கொண்டுவரவில்லை. வெளுத்த சேலை கட்டி, தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சாமிக்குச் சோறு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்.

"அடி கிறுக்கு, சாமி நோம்பு. பொழுது சாஞ்சுதான் தொறப்பாரு. வெச்சுட்டுப் போ, நான் குடுத்தர்றேன்" என்றார் பெரியம்மா.

கயிற்றக்கா போசியைக் கீழே வைக்கவில்லை. "என்ற கையால குடுக்கோணுமுங்க" என்றார். அப்புறம், "நான் இருக்கறனுங்க. பொழுது சாயட்டும்" என்று சொல்லி, முற்றத்து மூலையில் கயிற்றுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். போசி மடியில்.

கட்டிலில் இருந்த பிக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் நான் போய் அவர் முன்னால் நின்றுவிட்டேன். என்னுடைய நாளில் என் வீட்டில் வந்து நோன்பு பிடிக்கிற ஆள், ஒழுங்காகப் பிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டாமா? காலையிலிருந்து அவர் ஒரு தடவைகூடத் துப்பவில்லை.

எனக்குக் கூச்சம் அதிகம் என்று சொன்னேன். ஆனால் நோன்பு விஷயத்தில் அன்று எனக்கு ஒரு அதிகாரம் வந்திருந்தது.

"நீங்க எச்சி முழுங்கறீங்க. நோம்பு போயிரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பூவை, பாவாடையை, மருதாணியைப் பார்த்தார்.

"அப்படிங்களா அம்முணி? எனக்கு ஆரும் சொல்லலியே" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சு, அப்படியே. "நீங்களும் நோம்புங்களா?"

"தலை நோம்பு."

"இந்த ஊட்டுல எல்லாருமா?"

"எல்லாரும். பொழுது சாஞ்சு பாங்கு சொன்னாத்தான் தொறப்போம். உங்களுக்குத் தனியாக் கஞ்சி காச்சறாங்க, புதுப் பானைல."

அவர் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். பெரியம்மா கதவோரம் நின்று, சாமி என்ன பேசுகிறார் என்று முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மூலையைப் பார்த்தார். கயிற்றக்கா மடியில் போசியோடு உட்கார்ந்திருந்தார்.

"நல்லதுங்க அம்முணி. எனக்கும் இந்த நோம்பு இதுதான் மொதல் தடவை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வயசில் முதல் நோன்பா! ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பெரியவர்களைக் கிண்டல் பண்ணாதே என்றார். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவர் மேல் கோபம் போய்விட்டது. முதல் நோன்புக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர். யார் முதலில் தோற்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பிக்கு கண்ணை மூடி, அடித்து முடிகிறவரை கேட்டார். பிறகு கிண்ணத்தை எடுத்துத் துணியால் துடைத்து, பைக்குள் வைத்து, வாயைச் சுருக்கிக் கட்டினார். தூசி படாமல் இருக்க எடுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் எனக்கு இடி மாதிரி வந்தது. வெயில் பந்தலைத் துளைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்ப எச்சில்கூட இல்லை. மண்பானையைத் தாண்டிப் போகும்போது அதன் ஈர வாசனையே தலையைச் சுற்ற வைத்தது. அம்மா என்னைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு உச்சி வரைக்கும் பிடித்தாலே போதும், அதுவும் கணக்குத்தான், ஒரு வாய் குடி என்றார். பெரியம்மாகூட இறங்கி வந்துவிட்டார். நான் முற்றத்தைப் பார்த்தேன். பிக்கு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. அவர் குடிக்காமல் நான் குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அவரிடமே போய் உட்கார்ந்தேன். பசிக்கிறதா என்று கேட்டேன். உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு என்றார். எனக்கு ரொம்ப என்றேன். சரி, கையைச் சும்மா வைத்திருந்தால் பசி தெரியும் என்று சொல்லி, கீழே கிடந்த கத்தாழை நாரில் ஒரு பிடியை எடுத்தார். தொடையில் வைத்து இடது கையால் ஒரு உருட்டு உருட்டினார் பாருங்கள், நார் துள்ளி எழுந்து கயிறாகிவிட்டது! சாமியார்கள் செபமாலை உருட்டிப் பார்த்திருக்கிறேன். கயிறு உருட்டிப் பார்த்ததில்லை. அவர் உருட்ட உருட்ட, நான் அடுத்த நாரைப் பிரித்துக் கொடுத்தேன். விரல் பருமனில், ஒரு பிசிறு இல்லாமல், பொம்மை மாட்டுக்கு ஒரு தலைக்கயிறு.

கயிற்றுக் கடைப் பிள்ளை என்பதால் எனக்கு ஒன்று உடனே தெரிந்தது. எல்லோரும் வலப்பக்கம் முறுக்குவார்கள். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது. எங்கள் கடையில் இடமுறுக்குக் கயிறு ஒருவருடையதுதான். குவியலில் கலந்து கிடந்தாலும் பெரியத்தா அதைத் தொட்டே எடுத்துவிடுவார்.

"இது கயிற்றக்கா கயிறு மாதிரியே இருக்கு" என்றேன், மூலையைக் காட்டி.

பிக்கு தலையைத் தூக்கவில்லை. கயிற்றின் நுனியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றக்காதான் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் பசி வந்துவிட்டது போல என்று நினைத்தேன். காலையிலிருந்து அவரும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நடுவில் அம்மா வேலிக் காலிலிருந்து அலுமினிய டம்ளரை எடுத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதும், சாமி குடிக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டார்.

பொழுது இறங்க இறங்க வீடு மறுபடி உயிர் பெற்றது. மாமா பேரீச்சம்பழப் பொட்டலமும் எனக்கு ஒரு ஜோடி கொலுசும் கொண்டுவந்தார். மாதா கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. வேலிக்கு வெளியே பிள்ளைகள் கூட்டம். பந்தலில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். நடுவில் நான். எனக்கு வலது பக்கம் பிக்கு. பெரியம்மா புதுப் பானையைத் தன் கையாலேயே தூக்கிவந்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். கஞ்சி மணத்தில் எனக்குக் கண்ணே இருண்டது. பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொல்லத் தொடங்கினார்.

மாமா பேரீச்சம்பழத்தை என் வாய்க்குக் கொண்டுவந்தார். பெரியத்தா இன்னொரு பழத்தை எடுத்துப் பிக்குவின் பக்கம் நீட்டினார். பிக்கு இரண்டு கையையும் குவித்தார். வாங்குவதற்காகக் குவிக்கவில்லை.

"நீங்க தொறங்க. எனக்கு நேரம் போயிருச்சுங்க" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி அண்ணன், மைக்செட்காரரோடு வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். பாயையும் திறந்த பானையையும் பார்த்தார். மத்தியானம் சாமிக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை, அவரும் நோன்புதானே என்றார் பெரியம்மா. கம்பெனி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உச்சிக்கு மேல் அவர் சாப்பிடமாட்டார், நேற்று உச்சியில் சாப்பிட்டவர், இனி நாளை விடிந்துதான் என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பாங்கு முடிந்துவிட்டது. பெரியத்தா நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிக்குதான் பேசினார். "பெரியவருக்கு வருத்தம் வேண்டாமுங்க. அம்முணியோட சேர்ந்து நானும் ஒரு நோம்பு புடிச்சேன். தண்ணி குடிச்சுத் தொறக்கலாமுங்க. தண்ணி எந்நேரமும் குடிக்கலாம்."

பெரியம்மா உள்ளே ஓடினார். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார். பாய் ஓரம் வரை வந்தவர் நின்றார். மூலையில் கயிற்றக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார், கையில் போசியோடு, வருவதா வேண்டாமா என்று தெரியாமல். பெரியம்மா அவரைப் பார்த்தார், பிக்குவைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு நேராக அவரிடம் நடந்து போனார்.

"இந்தாங்க. நீங்களே குடுங்க" என்றார், செம்பை நீட்டி.

கயிற்றக்கா போசியைக் கீழே வைத்தார். சேலையில் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். செம்பை வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்து, பிக்கு பையிலிருந்து எடுத்து நீட்டிய கிண்ணத்தில் ஊற்றினார். பிக்கு ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி நீட்டினார், மறுபடி ஊற்றினார். நானும் அப்போதுதான் பழத்தைக் கடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெயித்தோம்.

பிறகு பிக்கு போசியைக் காட்டி, அந்தச் சோறு வீணாகக் கூடாது, நோன்பு திறக்கிறவர்களுக்குப் போடலாமே என்றார். கயிற்றக்கா பெரியத்தாவைப் பார்த்தார். பெரியத்தா தன் தட்டைத் தானே முன்னால் நகர்த்தினார். அப்படியாக என் தலை நோன்பில், கஞ்சிக்கும் வடைக்கும் முன்னால், காலையில் ஆக்கிய ஆறின சோறும் முருங்கைக்கீரையும் என் தட்டில் விழுந்தன. கீரை லேசாகப் புளித்திருந்தது. கொலுசு போட்டுக்கொண்டு கீரை தின்பதா என்று எனக்கு அழுகை முட்டியது. மாமாவின் முகம்கூட அப்படித்தான் இருந்தது. பெரியத்தா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. மைக் முதலில் ஊளையிட்டதும் பெஞ்சு கொண்டுவந்த வண்டி மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன, ஜனம் சிரித்தது. மாஷ் மனிதரெல்லாம் ஒன்று என்று வெகு நேரம் பேசினார். பெரியத்தாவைப் பெயர் சொல்லிப் பாராட்டி, இந்த வீடு மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிக்கு என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. நான் மாமாவின் மடியில் தூங்கிவிட்டேன். இடமுறுக்குக் கயிறு என் மணிக்கட்டில் கட்டியிருந்தது.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, பேச்சுவாக்கில் பெரியம்மா ஒருநாள் சொன்னார். கயிற்றக்காவின் கூடப் பிறந்த தம்பியாம் அந்தப் பிக்கு. தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்து, கயிறு திரிக்கப் பழக்கியது அக்காதானாம். மீசை முளைக்கும் முன் கோலாருக்குச் சுரங்க வேலைக்குப் போனவர், துணி மாற்றித் துறவியான பிறகு ஊருக்கு வந்தது அன்றுதான். அக்கா வீடு எங்கள் முற்றத்திலிருந்து கூப்பிடு தூரம். தம்பிக்கு ஒரு பிடி சோறு போட வந்தவரைத்தான் நாங்கள் மூலையில் உட்கார வைத்து, இரண்டு பேரையும் பட்டினி போட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தோம். பெரியம்மாவுக்கு அன்றைக்கே யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அவர்கள் இரண்டு பேரின் கையும் ஒரே மாதிரி இருந்தது என்றார்.

பெரியம்மா கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, நான் கயிற்றைப் பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லை. சொந்த அக்கா வீடு பக்கத்தில் இருக்க அவர் ஏன் எங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மாஷின் மாடி வீடு அவருக்கு ஏன் திறக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேலிக் காலிலிருந்த அலுமினிய டம்ளர் பிறகு எங்கே போயிற்று என்றும் கேட்கவில்லை. எனக்கு நோன்பு இல்லை, சாப்பிடுகிறேன் என்று பன்னிரண்டு அடிக்கும் முன் ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் இப்போதும் சில ரமலானில் யோசிக்கிறேன். நான் அவர் முன்னால் பூ வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வரும்.

மறுநாள் விடியும் முன், சஹருக்கு எழுந்த பெரியத்தா பிக்குவையும் எழுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டாராம். இன்னும் விடியவில்லையே என்றாராம் அவர். விடிந்ததும் கயிற்றக்கா தூக்குப்போசியோடு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். கோயமுத்தூர் போகும் முதல் பஸ் அன்று கால் மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. நான் பார்க்கவில்லை. நான் நோன்பு பிடிக்காமல் தூங்கி எழுந்து, இட்லி தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.